ஓர் அமர்வுக்கு எவ்வளவு? குமரி மாவட்டத்தில் உளவியல் ஆலோசனைக்குக் கட்டணம் வகுக்கும் கணக்கு

தமிழில் ‘கேட்டல்’ என்னும் ஒரே வினை, செவிகொடுப்பதையும் குறிக்கும், ஒன்றைக் கொடுக்கும்படி வேண்டுவதையும் குறிக்கும். உளவியல் ஆலோசகர் தம் தொழிலில் இந்த இரண்டையும் செய்தாக வேண்டும். முதலாவதற்கு அவர் பல ஆண்டுகள் பயிற்சி பெறுகிறார். இரண்டாவதைப் பற்றிக் கல்லூரியில் ஒரு மணி நேர வகுப்புகூட நடப்பதில்லை. அதனால்தான் நாகர்கோவிலிலோ தக்கலையிலோ மார்த்தாண்டத்திலோ சொந்தமாக ஓர் அறை எடுத்து ஆலோசனை தொடங்கும் இளையவர்கள், நோய்க்கூறுகளைப் பற்றித் தெளிவாகப் பேசிவிட்டு, “பைசா எவ்வளவு சாரே?” என்று வந்தவர் கேட்டதும் திணறிப்போகிறார்கள். “உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்” என்று அப்போது சொல்லும் விடை பணிவானதாகத் தோன்றும். ஆனால் அது முடிவெடுக்கும் சுமையை, ஏற்கெனவே சுமையோடு வந்தவரின் தலையில் ஏற்றிவிடுகிறது. வெளியே போகும் வழியில் நூறு ரூபாய் குறைவாக இருந்துவிட்டதோ என்று அவர் கூசுவார். அந்தக் கூச்சம் அடுத்த அமர்வுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இந்தத் தயக்கத்துக்கு நம் மாவட்டத்தில் ஆழமான வேர் உண்டு. மனக்கவலையைக் காது கொடுத்துக் கேட்கும் மனிதர்கள் இங்கே எப்போதும் இருந்திருக்கிறார்கள்: பங்குத்தந்தை, சபைப் போதகர், அய்யாவழி வழிபாட்டிடமான நிழல் தாங்கலின் பணிவிடைக்காரர், ஊர்ப் பெரியவர். இவர்களில் எவரும் கேட்டதற்குக் கூலி வாங்கியதில்லை. வர்ம ஆசானுக்கும் வெற்றிலையில் வைத்துத் தட்சணை கொடுக்கும் வழக்கமே இருந்தது. தொகையை ஆசான் வாய்விட்டுச் சொல்வது மரியாதைக் குறைவாகக் கருதப்பட்டது. நெய்யூரில் 19ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கி, எவரெஸ்ட் ஏறச்சென்ற சாமர்வெல் போன்ற அறுவை மருத்துவர்கள் பணியாற்றிய மிஷன் மருத்துவம், வெளிநாட்டு நன்கொடையின் துணையோடு ஏழைகளுக்குக் கைகொடுத்தது. 2004ஆம் ஆண்டின் சுனாமிக்குப் பின்னும், 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலுக்குப் பின்னும் கடலோர ஊர்களில் உளவியல் ஆதரவு நிவாரணப் பணியோடு சேர்ந்தே வந்தது. இப்படி, மனத்துக்கான உதவி என்றால் அது அறமாகவோ ஆறுதலாகவோ வர வேண்டும் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிக்கிடக்கிறது. அந்த எண்ணத்தை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கொடைகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு திருச்சபையோ கோயிலோ அரசோ அறக்கட்டளையோ இருந்து செலவைத் தாங்கியது. தனியே அறை வைத்திருக்கும் ஆலோசகருக்குப் பின்னால் வாடகைச் சீட்டு மட்டுமே இருக்கிறது.

வருபவர்கள் கட்டணத்தை மருத்துவரின் கட்டணத்தோடு ஒப்பிடுவதும் இயல்பு. பொது மருத்துவர் பத்து நிமிடத்துக்கு ஒருவராக ஒரு மாலையில் ஏறத்தாழ இருபது பேரைப் பார்க்க முடியும். ஆலோசகர் அதே மாலையில் மூவரைத்தான் பார்க்க முடியும். ஒருவருக்கு ஐம்பது நிமிடம், பிறகு குறிப்பெழுதவும் மனத்தை ஆற்றிக்கொள்ளவும் பத்து நிமிடம் என்ற ஏற்பாட்டைச் சுருக்கினால் அது வேறு வேலையாகிவிடும். ஆகவே இந்தக் கட்டணம் நேரத்தின் அடிப்படையில் அமைவதைத் தவிர வேறு வழியில்லை. மருந்துச் சீட்டுக்கான கட்டணத்தோடு அதை நேருக்கு நேர் வைத்துப் பார்ப்பது பொருந்தாது என்பதை முதல் தொலைபேசி உரையாடலிலேயே விளக்கிச் சொல்லலாம். சொன்னால் பெரும்பாலோருக்குப் புரிகிறது.

எவ்வளவு என்பதைக் கண்டறிய அக்கம்பக்கத்தில் மற்றவர் வாங்குவதைப் பார்த்து, அதில் ஐம்பது ரூபாய் குறைத்து வைப்பதே நடைமுறையாக இருக்கிறது. இது பிழையான தொடக்கம். மற்றவர் சொந்த வீட்டின் முன்னறையில் பணி செய்பவராக இருக்கலாம். அவருடைய வாழ்க்கைத் துணைக்கு அரசு வேலை இருக்கலாம். அவரே நட்டத்தில் ஓடிக்கொண்டும் இருக்கலாம். கணக்கு நம்முடைய செலவிலிருந்தும், நம்மால் உண்மையில் நடத்த முடிந்த அமர்வுகளின் எண்ணிக்கையிலிருந்தும் புறப்பட வேண்டும்.

எடுத்துக்காட்டுக்காக ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இதிலுள்ள தொகைகள் யாவும் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை, அவரவர் தம் தொகையை இட்டுக்கொள்ளலாம். அறை வாடகை மாதம் 9,000 ரூபாய், மின்சாரம், இணையம், தொலைபேசிக்கு 3,000, மாலையில் மட்டும் வரும் ஒரு பணியாளருக்கு 6,000, மூத்த நிபுணரிடம் மாதம் இருமுறை பெறும் மேற்பார்வைக்கு 3,000, பயிற்சி, புத்தகம், கணக்கர் ஆகியவற்றுக்கு 3,000 என்றால், நிலையான செலவு 24,000 ஆகிறது. வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டியது 40,000. ஓய்வுக்காலத்துக்கும் நோய்ச் செலவுக்கும் ஒதுக்குவது 8,000. ஆக மாதம் 72,000, ஆண்டுக்கு 8,64,000 ரூபாய்.

வாரத்துக்கு 20 அமர்வு, ஆண்டுக்கு 52 வாரம் என்று பெருக்கி 1,040 அமர்வுகளால் வகுத்தால் ஓர் அமர்வுக்கு 831 ரூபாய் வருகிறது. பலரும் இந்த இடத்தில் நின்று, 800 என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் கிறிஸ்துமஸ், ஓணம், பொங்கல், கோயில் கொடை, பயிற்சி முகாம், சொந்தக் காய்ச்சல் எல்லாம் சேர்ந்து ஆறு வாரமாவது போய்விடும். 46 வாரம்தான் மிஞ்சும். பதிவு செய்தவர்களிலும் எல்லோரும் வருவதில்லை. நூற்றுக்குப் பதினைந்து பேர் வராமல் போவதாக வைத்துக்கொண்டால், 920 அமர்வு 782 ஆகச் சுருங்குகிறது. இப்போது வகுத்தால் வருவது 1,105 ரூபாய். அதாவது 831 ரூபாய் வாங்கியவருக்கு ஆண்டு முடிவில் இரண்டு இலட்சத்துக்கும் மேல் குறைவு விழும். செலவெல்லாம் அப்படியே நிற்க, 40,000 கொண்டுபோக நினைத்த வீட்டுக்கு 22,000 சொச்சம்தான் போய்ச் சேரும். இரண்டே ஆண்டில் அறையைக் காலி செய்துவிட்டுப் பள்ளிக்கூட வேலைக்குப் போன திறமைசாலிகள் சிலரை எனக்குத் தெரியும். அவர்கள் வாங்கியது குறைந்த கட்டணம். ஆனால் பாதிவழியில் விடப்பட்டவர்களுக்கு அந்தக் குறைந்த கட்டணத்தால் என்ன நன்மை விளைந்தது என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

அமர்வுகளைக் கூட்டிக் கட்டணத்தைக் குறைக்கலாமே என்ற கேள்வி எழும். வாரத்துக்கு 30 என்று வைத்தால், அதே கணக்கில் 737 ரூபாயே போதும். ஆனால் ஒரே நாளில் ஆறாவதாக வந்து உட்காரும் பெண், தன் கணவர் கடலுக்குப் போய்த் திரும்பாத கதையை முதன்முதலாகச் சொல்லத் தொடங்கும்போது, எதிரில் இருப்பவருக்கு அதைத் தாங்கும் வலு மிச்சமிருக்க வேண்டும். அமர்வுக்கு வெளியிலும் வேலை இருக்கிறது: குறிப்பு எழுதுதல், மனநல மருத்துவரிடம் பேசுதல், அடுத்த முறைக்குத் தயாராதல், இரவில் வரும் பதற்றமான செய்திக்கு விடையளித்தல். வாரத்துக்கு இருபது என்பது சோம்பலின் அளவு என்று நினைப்பவர்கள் ஒரு மாதம் முப்பது நடத்திப் பார்த்தால் தெரிந்துகொள்வார்கள்.

இனி இந்த 1,105 ரூபாய் யாருக்கு எட்டும் என்ற கேள்விக்கு வருவோம். நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2024–25இல் அறிவிக்கப்பட்ட நாட்கூலி 319 ரூபாய். அந்தக் கூலியை நம்பியிருக்கும் வீட்டுக்கு ஓர் அமர்வு என்பது மூன்று நாள் உழைப்புக்கும் மேல். அதையும் வாரந்தோறும் கொடுக்க வேண்டும். 2015–16இல் பெங்களூரின் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வு, நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காடு பேர் சிகிச்சையை எட்டாமலே இருப்பதாகக் கண்டது. எழுத்தறிவில் ஏறத்தாழ 92 விழுக்காடு என்று 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநிலத்தின் முதலிடத்தில் நின்ற நம் மாவட்டத்தில், உதவி தேவை என்பதை உணர்ந்துகொள்ளும் மக்களுக்குக் குறைவில்லை. உணர்ந்தும் வர முடியாதபடி பணம் தடுப்பது எனக்குப் பொறுக்க முடியாத நிலை.

இதற்கு நான் நம்பும் வழி, வருபவரைப் பார்த்து இரங்கி அவ்வப்போது குறைப்பதன்று. வாரத்தில் இத்தனை இடம் குறைந்த கட்டணத்துக்கு என்று முன்கூட்டியே ஒதுக்கிவிடுவது. இருபதில் நான்கு இடத்தை 300 ரூபாய்க்கு ஒதுக்கினால், மற்ற பதினாறு இடங்களுக்கும் சராசரியாக 1,306 ரூபாய், அதாவது 1,300 வாங்கினால் கணக்கு நேராகும். இதில் மறைவு ஒன்றுமில்லை. முழுக்கட்டணம் கொடுப்பவரிடமும் இதைச் சொல்லலாம், நான் கேட்டவரையில் எவரும் முகம் சுளிப்பதில்லை. இரக்கத்தால் குறைப்பதில் ஒரு பெருங்குறை உண்டு. கண்ணீர் விட்டுக் கேட்கத் தெரிந்தவருக்கு அது கிடைக்கும். கௌரவத்தால் வாய்திறக்காதவருக்குக் கிடைக்காது. ஒதுக்கிய இடம் என்றால், “எங்களிடம் இரண்டு கட்டணம் உண்டு, எது உங்களுக்கு இயலும் என்பதை நீங்களே சொல்லுங்கள், சான்று எதுவும் வேண்டாம்” என்று எல்லோரிடமும் ஒரே வாக்கியத்தைச் சொல்லிவிடலாம். நான்கும் நிரம்பியிருந்தால் காத்திருப்போர் பட்டியல் இருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இந்த ஒதுக்கீடு ஆண்டு முழுவதும் ஒரே அளவில் இருப்பதும் நம் மாவட்டத்துக்குப் பொருந்தாது. இங்கே பணம் பருவத்தோடு வருகிறது, பருவத்தோடு வற்றுகிறது. ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு மீன்பிடித் தடைக்காலங்கள் இருக்கின்றன: சின்னமுட்டம் சார்ந்த கிழக்குப் பகுதி விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் சார்ந்த மேற்குப் பகுதிக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. தென்மேற்குப் பருவமழை வலுக்கும் அதே ஜூன், ஜூலையில்தான் குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் பால் வெட்டுவோருக்கு வேலை நாள் குறைகிறது. மரம் இலையுதிர்த்துத் தளிர்க்கும் பிப்ரவரி, மார்ச்சிலும் வெட்டு நிற்கிறது. பள்ளி திறப்பும் ஜூனில். கட்டணம், சீருடை, புத்தகம் எல்லாம் ஒரே நேரத்தில் கழுத்தைப் பிடிக்கும். பள்ளிக்குப் போக மறுக்கும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பெற்றோர் மிகுதியாக வருவதும் அப்போதுதான். ஆகவே ஜூன், ஜூலையில் குறைந்த கட்டண இடங்களை ஆறாகவோ எட்டாகவோ உயர்த்தி, செப்டம்பருக்குப் பிறகு இரண்டாகக் குறைத்து, ஆண்டுச் சராசரியை நான்கில் நிறுத்துவது நல்லது. கடற்கரையையும் மலையோரத்தையும் அறிந்த ஆலோசகருக்கு இந்தப் பஞ்சாங்கம் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

கட்டணமும் சிகிச்சையின் ஒரு பகுதியே என்ற கருத்து புதிதன்று. சிக்மண்ட் பிராய்டு 1913இல் எழுதிய கட்டுரை ஒன்றில், பணத்தைப் பற்றிப் பேச நாகரிக மனிதர் கூசுவதைச் சுட்டி, மருத்துவர் அந்தக் கூச்சத்துக்கு உடன்படாமல் தம் நேரத்தின் விலையை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்றார். தொகை பெருகிச் சேர விடாமல் குறுகிய தவணைகளில் வாங்கிவிட வேண்டும் என்றும் கூறினார். ஏறத்தாழப் பத்தாண்டு காலம் தாம் நாள்தோறும் ஓரிரு மணி நேரம் இலவசமாகப் பார்த்ததையும், அது சிகிச்சைக்கு உதவாமல் சில தடைகளைக் கூட்டியதையும் அவர் பதிவு செய்தார். ஆனால் அவரே 1918இல் ஏழைகளுக்கான இலவச மனநலச் சிகிச்சை நிலையங்கள் வர வேண்டும் என்று பேசினார். 1920இல் பெர்லினில் தொடங்கிய நிலையத்தில் இயன்றவர் இயன்றதைக் கொடுத்தார்கள். இலவசமாகப் பெறுவதில் பயனில்லை என்று பிராய்டின் பெயரைச் சொல்லி வாதிடுவோர் இந்தப் பின்பாதியை விட்டுவிடுகிறார்கள்.

தொகை சேர விடக்கூடாது என்பதை நான் பட்டுத்தான் கற்றேன். தொழிலின் தொடக்கத்தில் ஒருவர் நான்கு அமர்வுக்குப் பிறகு, “அடுத்த மாசம் சேர்த்துத் தாறேன், சாரே” என்றார். பரவாயில்லை என்றேன். அதற்கடுத்த மாதமும் அதே சொல், அதே பரவாயில்லை. ஐந்தாம் மாதம் அவர் வருவதை நிறுத்தினார். சில வாரம் கழித்து வடசேரிப் பேருந்து நிலையத்தருகே என்னைக் கண்டதும் சாலையின் மறுபக்கம் போய்விட்டார். நான் பெரிதாக எண்ணாத கடன் அவருக்குப் பெரிதாகிப்போனது. நன்றாக முன்னேறிக்கொண்டிருந்த ஒருவரை என்னுடைய ‘பரவாயில்லை’ வெளியே தள்ளிவிட்டது. அன்று கட்டணத்தைக் குறைத்திருந்தால் அவர் தொடர்ந்து வந்திருப்பார். இரண்டு அமர்வுக்கு மேல் பாக்கி நின்றால், மூன்றாவது அமர்வின் முதல் ஐந்து நிமிடத்தை அந்தப் பேச்சுக்கே கொடுக்கிறேன்.

ஓர் அமர்வுக்கு இவ்வளவுதான் வாங்கலாம் என்று வரையறுக்கும் சட்டம் இந்தியாவில் இல்லை. மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளருக்கும் தொகை நிர்ணயம் கிடையாது. ஆனால் மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டின் தொழில்முறை நடத்தை விதிகளில் நாம் எடுத்துக்கொள்ளத்தக்கவை மூன்று இருக்கின்றன. கட்டணத்தைச் சிகிச்சைக்கு முன்பே அறிவிக்க வேண்டும். குணமானால்தான் பணம் என்று ஒப்பந்தம் செய்யக்கூடாது. ஒருவரை அனுப்பிவைத்ததற்காகத் தரகு கொடுக்கவோ வாங்கவோ கூடாது. ஆலோசகர்களை இந்த விதிகள் நேரடியாகக் கட்டுப்படுத்தாவிட்டாலும், மூன்றாவதை நாம் மிகக் கண்டிப்பாகக் கைக்கொள்ள வேண்டும். ஆளனுப்பியவருக்கு முந்நூறு கொடுக்கத் தொடங்கினால், அந்த முந்நூறு யாருடைய கட்டணத்தில் ஏறும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சொல்லாமல் வராத அமர்வுக்குக் கட்டணம் வாங்குவதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இருபத்து நான்கு மணி நேரத்துக்கு முன் சொல்லாவிட்டால் முழுத்தொகை என்பது பெருநகர வழக்கம். பேச்சிப்பாறைப் பக்கத்திலிருந்து பேருந்தில் வருபவருக்கும், மழையில் பாதை மூழ்கியவருக்கும், ஊரில் துக்கம் விழுந்தவருக்கும் அதே விதியை வைப்பது நியாயமாகாது. முதல் தடவைக்குக் கட்டணமில்லை, இரண்டாம் தடவைக்குப் பாதி, குறைந்த கட்டண இடத்தில் வருபவருக்கு எப்போதும் இல்லை என்பது என் ஏற்பாடு; காரணம் கேட்பதில்லை. பதினைந்து விழுக்காட்டை முன்பே கணக்கில் சேர்த்துவிட்டதால் இந்தத் தளர்வு என்னை வாட்டுவதில்லை. பத்து அமர்வுக்கு மொத்தமாக முன்பணம் வாங்கும் திட்டங்களில் எனக்கு உடன்பாடில்லை. வாங்கியே தீர வேண்டுமென்றால், நடக்காத அமர்வின் பணத்தைக் கேட்காமலே திருப்பித் தர வேண்டும்.

வளைகுடா நாட்டிலிருக்கும் கணவர் இங்கிருக்கும் மனைவியின் ஆலோசனைக்குப் பணம் அனுப்புவது நம் மாவட்டத்தில் அடிக்கடி நிகழ்கிறது. பணம் கொடுப்பவர், “என்ன பேசினாள், எப்படி இருக்கிறாள்?” என்று கேட்பதைத் தமக்குரிய உரிமையாகவே நினைக்கிறார், அன்பினால் கேட்பவரும் உண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இரகசியக் காப்பை நோயாளியின் உரிமையாக வைத்திருக்கிறது. கட்டணம் யார் கொடுத்தாலும் செய்தி வருபவருக்கே சொந்தம் என்பதை, முதல் தொகையைப் பெறுவதற்கு முன்பே இருவரிடமும் சொல்லிவிட வேண்டும். கைப்பேசியில் பணம் அனுப்பும்போது பெறுபவரின் பெயர் திரையில் பதிந்துவிடுகிறது என்பதையும் நாம் நினைவில் கொள்ள வேண்டும். ‘மனநல மையம்’ என்ற சொல் ஒரு குடும்பத்தின் வங்கிக் குறுஞ்செய்தியில் தோன்றியதால் சண்டை வந்த வீடு உண்டு. கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டிவிட்டால் யாருக்கும் தெரியாது என்று கூடுதல் செலவழித்துத் திருவனந்தபுரம் போகிறவர்கள் இருக்கும் ஊர் இது. வங்கிக் கணக்கில் ஆலோசகரின் சொந்தப் பெயரை மட்டும் வைத்துக்கொள்வதும், ரொக்கமாகவும் வாங்கத் தயாராக இருப்பதும், ரசீதைக் கேட்டவருக்குத் தவறாமல் தருவதும் போதுமான காப்பு.

காப்பீட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மனநோய்ச் சிகிச்சைக்கும் உடல்நோய்க்கு நிகரான காப்பீடு தரப்பட வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் உள்நோயாளிச் செலவையே மையமாகக் கொண்டவை என்பதால், வாரந்தோறும் வந்துபோகும் அமர்வுக்கு அது கைகொடுக்கும் என்று நம்பிக்கை அளிக்கக்கூடாது. சரக்கு மற்றும் சேவை வரிக்கான பதிவு, சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 இலட்சத்தைத் தாண்டும்போதுதான் எழும் கேள்வி. மேலே கண்ட கணக்கில் அதற்கு இடமில்லை. வருமான வரிக்காக ஒவ்வோர் அமர்வின் வரவையும் அன்றன்றே எழுதிவைப்பது போதும்.

கட்டணத்தை உயர்த்த வேண்டிய ஆண்டும் வரும். வாடகை ஏறும்போது கட்டணமும் ஏறத்தான் வேண்டும். புதிதாக வருபவர்களுக்கு உடனேயும், ஏற்கெனவே வந்துகொண்டிருப்பவர்களுக்கு மூன்று மாத அறிவிப்புக்குப் பிறகும் உயர்த்துவது முறை. துக்கத்தின் நடுவிலிருப்பவருக்கும், முடிவுறும் தறுவாயில் இருப்பவருக்கும் பழைய தொகையையே தொடரலாம். அறிவிப்பைக் கதவில் ஒட்டுவதோடு நிறுத்திவிடாமல் நேரில் சொல்ல வேண்டும். அதற்கு அவர் கோபப்பட்டால், அந்தக் கோபத்தையும் மற்றக் கோபங்களைப்போலவே கேட்க வேண்டும்.

முந்நூறும் இயலாதவர் வரும்போது, முதல் தொலைபேசியிலேயே அவருக்கு வழி காட்டுவதுதான் ஆலோசகரின் கடமை. ஓர் அமர்வுக்கு அழைத்துவிட்டுப் பிறகு சொல்வது கொடுமை. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் சேவையும் கட்டணமில்லாதது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்னும் அரசின் தொலைபேசி மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழில் பேசலாம். அரசு மருத்துவமனைக்குப் போகிறவர் கையில், இதுவரை அவர் சொன்னவற்றில் அவர் அனுமதித்த அளவை மட்டும் எழுதி, மருத்துவர் பார்வைக்கு என்று ஒரு கடிதம் கொடுத்தனுப்ப வேண்டும். அந்தக் கடிதத்துக்கு நான் கட்டணம் வாங்குவதில்லை.